வேம் வாங்கினீர்களா? முதலில் டிஏபி மூட்டையைத் தள்ளி வையுங்கள்

நிலக்கோட்டைப் பக்கம் பூநாற்று வளர்த்து விற்கிறேன். செண்டுமல்லி, செவ்வந்தி, கனகாம்பரம் மூன்றும்தான் அதிகம் போகும். கொஞ்சம் சம்பங்கிக் கிழங்கும், வீட்டு மாடியில் வைக்கிறவர்களுக்குத் தொட்டி ரோஜாவும் உண்டு. நாற்று வாங்க வருகிறவர்களில் பாதிப் பேராவது வேம் (VAM) என்ற பூஞ்சை உயிர் உரம் பற்றிக் கேட்கிறார்கள். "அக்கா, வேம் போட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியலையே" என்பதுதான் எப்போதும் வரும் புகார். நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விகள். எங்கே போட்டீர்கள்? கூட டிஏபி உரம் எவ்வளவு போட்டீர்கள்? பெரும்பாலும் பதில் அதிலேயே வந்துவிடும். மண்ணுக்கு மேலே தூவித் தண்ணீர் விட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் அடியுரமாக டிஏபியை அள்ளிப் போட்டுவிட்டு அதன்மேல் வேமையும் போட்டிருப்பார்கள்.

முதலில் இது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம், அது புரிந்தால் மற்ற எல்லாம் தானாகவே புரியும். வேம் என்பது வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சை. வேர் உட்பூசணம் என்று வேளாண்மைத் துறைக் கையேடுகளில் போட்டிருப்பார்கள். காளானாக மேலே முளைக்காது. எருக்குழியில் வெள்ளை வெள்ளையாகப் படர்கிறதே, அதுவும் இது இல்லை. அதைக் காட்டி "பாருங்க, வேம் நல்லா ஓடியிருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேமை வெறும் கண்ணால் பார்ப்பது கடினம். ஒரு பாதி வேரின் செல்லுக்குள் போய்ச் சின்னச் சின்னக் கிளைகளாகப் பிரிந்து உட்கார்ந்துகொள்ளும், மறு பாதி மண்ணுக்குள் நூலாக ஓடும்.

அந்த நூலுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். யூரியாவில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) தண்ணீரோடு ஓடிவிடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அப்படி இல்லை, போட்ட இடத்திலேயே கிடக்கும். செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும், கரிசலில் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை எடுத்து முடித்துவிட்டால் அதற்கு அப்பால் இருப்பது எட்டாது. வேம் நூலோ பல சென்டிமீட்டர் தள்ளிப் போய் மணிச்சத்தை எடுத்து வந்து வேருக்குள் கொடுக்கும், துத்தநாகத்தையும் அப்படியே. வேர்த்தூவியைவிட அந்த நூல் மெலிது, வேர் நுழைய முடியாத மண் இடுக்கிலும் நுழைந்துவிடும்.

சும்மா கொடுக்காது. செடி தயாரிக்கும் உணவில் 4 முதல் 20 சதவீதம் வரை வேருக்குள் இருக்கும் இந்தப் பூஞ்சைக்குப் போகிறது. அதனால் மண்ணில் மணிச்சத்து தாராளமாகக் கிடந்தால் செடி இதை உள்ளே சேர்ப்பதில்லை. பசியில் இருக்கும் செடியின் வேர் ஒரு பொருளைக் கசியவிடும், அது பட்டதும் பக்கத்தில் இருக்கும் பூஞ்சை கிளைவிட்டு வேரைத் தேடி வரும். ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற அந்தப் பொருள்தான் இந்த வேலையைச் செய்கிறது என்பதை ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் கண்டுபிடித்தார்கள். டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்து. அதை வேரடியில் கொட்டிவிட்டால் கசிவு குறைந்துவிடும், பாக்கெட்டில் வந்த பூஞ்சை வேருக்குள் போகாமலே செத்துப்போகும். வேர் இல்லாமல் அதனால் தனியாகப் பிழைக்க முடியாது.

இது புதுச் சரக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுகள் பழைய செடிப் புதைபடிவங்களுக்குள்ளும் இந்த வகைப் பூஞ்சை இருக்கிறது. செடிக்கு ஒழுங்கான வேர் வருவதற்கு முன்பே இது வந்துவிட்டது.

எந்தப் பூவுக்குப் போடலாம், எதற்கு வீண்

செண்டுமல்லி, செவ்வந்தி, ரோஜா, மல்லி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, ஜெர்பரா, ஜினியா, பெட்டூனியா, லில்லி எல்லாவற்றோடும் சேரும். இதில் சம்பங்கியும் லில்லியும் தனி ரகம். கிழங்குச் செடிகளின் வேர் தடித்து, எண்ணிக்கையில் குறைந்து, தூவி அதிகம் இல்லாமல் இருக்கும். அதனால் வேமை அதிகமாக நம்பியிருக்கும். ஒரே ஒரு பாக்கெட்தான் இருக்கிறது, எதற்குப் போடுவது என்று கேட்டால் சம்பங்கிக்கு என்றுதான் சொல்வேன்.

கோழிக்கொண்டைக்கும் வாடாமல்லிக்கும் போடாதீர்கள். இரண்டும் கீரைக் குடும்பம், அந்தக் குடும்பத்துச் செடிகள் பெரும்பாலும் இந்தப் பூஞ்சையைச் சேர்ப்பதில்லை. முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகுக் குடும்பமும் அப்படியே. ஓசூர், ஊட்டி, கொடைக்கானல் பசுமைக்குடில்களில் வளர்க்கும் கார்னேஷனும் சேர்க்காத குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆர்க்கிட்டுக்கும் அசேலியாவுக்கும் வேரில் பூஞ்சை உண்டு, ஆனால் அது வேறு கூட்டம். பாக்கெட் வேம் அங்கே வேலை செய்யாது. ஆர்க்கிட் விதை காட்டில் முளைக்க வேண்டுமானால் அதற்கென்று உள்ள பூஞ்சை வேண்டும். பிரான்ஸ் நாட்டு நோயல் பெர்னார் 1899-லேயே இதைக் கண்டார். தாமரை, அல்லித் தொட்டிகளை விட்டுவிடுங்கள்.

வாங்கும்போது

கடையில் வேம் என்று கேட்டால் இரண்டு விதமாகத் தருவார்கள். ஒன்று வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளோ மண்ணோ கலந்து, வேர்த் துணுக்குகளோடு சொரசொரப்பாக இருக்கும். மக்காச்சோளம், சோளம் மாதிரிப் பயிரின் வேரில் வளர்த்து எடுத்தது அது. இன்னொன்று மாவு மாதிரிப் பொடி. கண்ணாடிக் குடுவையில் கேரட் வேரை வளர்த்து அதில் பூஞ்சையைப் பெருக்கி எடுப்பது, டெல்லியில் உள்ள டெரி (TERI) ஆராய்ச்சி நிறுவனம் அந்த முறையில் நிறைய வேலை செய்திருக்கிறது. பொடியை ஏக்கருக்குச் சில நூறு கிராம் என்று லேபிளில் போட்டிருப்பார்கள், சொரசொரப்பை கிலோக் கணக்கில் போட வேண்டும். நான் கீழே சொல்லும் அளவெல்லாம் சொரசொரப்புக்குத்தான். பொடி வாங்கினால் லேபிள்படி போங்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

லேபிளில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒரு கிராமுக்கு எத்தனை உயிருள்ள வித்துக்கள் என்ற எண்ணிக்கை இருக்க வேண்டும், தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். வேம் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குக் கீழ் வரும் உயிர் உரம், இவற்றைப் போடாமல் விற்கக் கூடாது. அப்புறம் கடைக்காரர் மூட்டையை எங்கே வைத்திருக்கிறார் என்று ஒரு பார்வை. தகரக் கூரைக்குக் கீழே, பூச்சிமருந்து அட்டைப்பெட்டி மேல் சித்திரை வெயில் முழுக்கக் காய்ந்த பாக்கெட் எனக்கு வேண்டாம். முடிந்தவரை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ வாங்குகிறேன். அங்கே சரக்கு வந்து நாளாகியிருக்காது.

நாற்றிலேயே சேர்ப்பதுதான் லாபம்

வயல் மண்ணில் ஏற்கெனவே இந்தப் பூஞ்சை கொஞ்சமாவது இருக்கும். குழித்தட்டில் நாம் போடும் தென்னைநார்க் கழிவில் சுத்தமாக இருக்காது. இல்லாத இடத்தில் சேர்த்தால்தான் பலன் தெரியும். செலவும் குறைவு. வயல் முழுக்கத் தூவ வேண்டியதை ஒரு சிட்டிகையில் முடித்துவிடலாம். சின்ன வேரில் ஏறிய பூஞ்சை செடியோடு சேர்ந்தே வயலுக்குப் போகும்.

செண்டுமல்லிக்கு நான் செய்வது இது. 98 குழித் தட்டு. அதற்கு ஒன்றேகால் கிலோ அளவுக்கு நார்க்கழிவு பிடிக்கும். உப்பு போகக் கழுவிய, மக்கிய நார்க்கழிவாக வாங்குங்கள். கையில் பிடித்து இறுக்கினால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. அதில் சலித்த மண்புழு உரத்தை ஐந்தில் ஒரு பங்கு கலக்கிறேன், அதற்கு மேல் வேண்டாம். மண்புழு உரத்திலும் மணிச்சத்து உண்டு. தட்டில் முக்கால் குழி நிரப்பிவிட்டு, ஒவ்வொரு குழியிலும் நடுவில் ஒரு சிட்டிகை வேம். தட்டுக்கு ஐம்பது கிராம் போதும். அதன்மேல் விரல் நுனியளவு நார்க்கழிவு, அதன்மேல் விதை, பிறகு மூட வேண்டும். முளைவேர் நேராகக் கீழே இறங்கும்போது வேமைத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும், கணக்கு அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து தட்டை நிரப்பலாம்தான், வேலை சுலபம். ஆனால் சரக்கு அதிகம் பிடிக்கும், பல வேர்களுக்குப் படாமலே போகும்.

ஹைபிரிட் செண்டுமல்லி விதை சில சமயம் இளஞ்சிவப்பில் மருந்து பூசி வரும். அந்த விதையோடு வேமைக் கலந்து புரட்டாதீர்கள். பூஞ்சைக்கொல்லி பூசிய விதையோடு பூஞ்சையை ஒட்டவைத்தால் என்ன மிஞ்சும்? கீழே போட்டால் வேர் இறங்கி வந்து தொடும்.

பாத்தியில் நாற்று விடுகிறவர்களுக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம். மேலே தூவாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் கோடு கிழித்துப் போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே விதையுங்கள். பாலித்தீன் பை என்றால் பைக்கு 5 முதல் 10 கிராம். செவ்வந்தி, டெல்லி கனகாம்பரம் மாதிரி குச்சி வைத்து வேர் பிடிக்க வைக்கிறவற்றுக்கு, குச்சி ஊன்றும் துளைக்குள் அரை ஸ்பூன் போட்டு அதன்மேல் ஊன்றுங்கள். குச்சி நுனியைக் கார்பெண்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியில் முக்கி வைக்கும் பழக்கம் இங்கே உண்டு, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

விதைத்த பிறகு முதல் மூன்று வாரம் எந்த வித்தியாசமும் தெரியாது. சில தட்டுகளில் வேம் போட்ட நாற்று போடாததைவிட ஒரு சுற்று சின்னதாகக்கூட இருக்கும். பூஞ்சை தன் பங்குச் சர்க்கரையை எடுத்துக்கொண்டு நூல் விட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. நிழல்வலை அடர்த்தியாக இருந்தால் இந்தத் தேக்கம் இன்னும் கூடும், இலையில் சர்க்கரை தயாராக வெயில் வேண்டுமே. வலை 50 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் பயந்துகொண்டு 19:19:19 தெளிக்க ஓடுவதைத்தான் பலர் செய்கிறார்கள். அதில் தழைச்சத்துக்குச் சமமாக மணிச்சத்து இருக்கிறது. நாற்று வெளிறினால் கால்சியம் நைட்ரேட்டோ 13:0:45-ஓ லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் ஊற்றுங்கள். நடு எண் மணிச்சத்தைக் குறிக்கும், அந்தப் பூஜ்யம்தான் நமக்கு வேண்டியது.

நாற்றழுகல் வந்தால் சோதனைக் காலம். செண்டுமல்லி நாற்று கழுத்தில் நைந்து சாய்ந்ததும் கார்பெண்டாசிம் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். அந்த வகை மருந்து வேருக்குள் போய் வேமை அடக்கிவிடும். நாற்றழுகலுக்குக் காரணமான பித்தியத்தை அது கொல்வதும் இல்லை. காசும் போச்சு, வேமும் போச்சு. முதலில் தண்ணீரைக் குறையுங்கள், தட்டைத் தரையிலிருந்து உயர்த்துங்கள், சாயங்காலம் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மெட்டலாக்சில் மருந்துக்குப் போகலாம், அது வேமை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் கடையில் மேன்கோசெப் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லி கலந்து வருவதுதான் அதிகம், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். இலைக்குத் தெளிப்பது வேறு கதை. இலைப்புள்ளிக்கு அளவோடு தெளித்தால் வேருக்குள் இருக்கும் பூஞ்சைக்குப் பெரிய சேதம் இல்லை. வேரில் ஊற்றுவதுதான் ஆபத்து.

நோய்க்கிருமிகளை அடக்கப் போடும் டிரைக்கோடெர்மாவும் சேர்த்துப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் நான் ஒரே நாளில் போடுவதில்லை. வேம் முதலில், டிரைக்கோடெர்மா இரண்டு வாரம் கழித்து. அது வேகமாக வளரும் பூஞ்சை, இது மெதுவாக வளர்வது. மெதுவானதற்கு வேருக்குள் இடம் பிடிக்க நேரம் கொடுக்கிறேன். பாஸ்போபாக்டீரியாவை வேமோடு சேர்த்தே போடலாம், நல்ல ஜோடி. பாக்டீரியா பிடிபட்டுக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைக்கும், பூஞ்சை அதைத் தூக்கி வரும்.

வயலில்

நடுவதற்கு முன் மண் பரிசோதனை அட்டையை எடுத்துப் பாருங்கள். மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் என்றால் அது 'அதிகம்' என்ற கணக்கில் வரும். வருஷக்கணக்கில் டிஏபி போட்டு வந்த பூந்தோட்டங்களில் இதுதான் நிலைமை. அந்த மண்ணில் வேமுக்குச் செலவு செய்வதைவிட, இரண்டு பட்டம் மணிச்சத்து உரத்தை நிறுத்திப் பார்ப்பது நல்லது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள், எனக்கு நாற்று வியாபாரம் குறையாது. அளவு 11-க்குக் கீழே, அல்லது 11-க்கும் 22-க்கும் நடுவில் என்றால் வேம் போடுங்கள். சிபாரிசு செய்த மணிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, அதையும் டிஏபியாகப் போடாமல் சூப்பர் பாஸ்பேட்டைத் தொழுஉரத்தோடு கலந்து மூடிவைத்து ஊட்டமேற்றிப் போடுங்கள். தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் குறைக்க வேண்டாம்.

நாற்றில் வேம் ஏறிய செண்டுமல்லிக்கு வயலில் மறுபடி போடத் தேவையில்லை. நாற்று சாதாரண நாற்று என்றால் நடும் குழியில் வேரைத் தொடும்படி 20 கிராம் வரை போடலாம். ஆயுத பூஜைக்குப் பூ எடுக்க வேண்டுமானால் ஆடியில் விதைத்துவிடுகிறோம், நட்டு ஒரு மாதத்தில் நுனி கிள்ளுகிறோம். வேம் ஏறிய செடி கிள்ளிய பிறகு பக்கக் கிளை விடும் வேகத்தில்தான் எனக்கு வித்தியாசம் தெரிகிறது. அதுவரை இரண்டு பாத்தியும் ஒரே மாதிரிதான் நிற்கும். தண்ணீர் இரண்டு நாள் தள்ளிப்போனால் மத்தியான வெயிலில் எந்தப் பாத்தி முதலில் துவள்கிறது என்றும் பாருங்கள்.

சம்பங்கிக்கு 45-க்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில் கிழங்கு ஊன்றும்போது, குழிக்குள் முதலில் ஒரு டீஸ்பூன் வேம், கொஞ்சம் மண், அதன்மேல் கிழங்கு. கிழங்கின் அடித்தட்டிலிருந்துதான் வேர் கிளம்பும், பக்கவாட்டில் போட்டால் பயனில்லை. சம்பங்கிக்கும் கனகாம்பரத்துக்கும் நூற்புழு பெரிய தலைவலி. வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வந்துவிடும். வேம் முன்கூட்டியே வேரில் இடம் பிடித்துவிட்டால் நூற்புழுத் தாக்குதல் ஓரளவு மட்டுப்படும். அதுவே மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வேப்பம்புண்ணாக்கையும், செண்டுமல்லியைச் சுழற்சிப் பயிராகப் போடுவதையும் விட முடியாது.

மல்லிக்கு இரண்டு சந்தர்ப்பம். ஒன்று, பதியன் நடும்போது. எங்கள் பக்கம் பதியன் பெரும்பாலும் ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது. அந்த மணலில் வேர் சுத்தமாக, உடையாமல் வந்து சேரும். குழியில் வேருக்கு நேர் கீழே 20 கிராம் போட்டு நடுங்கள். இரண்டாவது, வளர்ந்த செடிக்கு. நவம்பர் கடைசியில் கவாத்து செய்து உரம் வைக்கிறோமே, அப்போது. செடியிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாகக் கொத்தி, வெள்ளையாக இளவேர் தெரியும் ஆழத்தில் ஒரு கைப்பிடி வேம் போட்டு மூடுங்கள். பழுப்பேறிய தடித்த வேரில் போட்டுப் பிரயோஜனம் இல்லை, பூஞ்சை நுழைவது இளவேரில்தான். கவாத்துக்குப் பிறகு புது வேர் விடும் நேரம் என்பதால்தான் இந்தக் கணக்கு.

மாடியில் தொட்டி ரோஜா வைத்திருப்பவர்கள் தொட்டி மாற்றும் நாளுக்காகக் காத்திருங்கள். வேர்க்கட்டியை லேசாகத் தட்டிவிட்டு அதன் பக்கங்களில் ஒரு மேசைக்கரண்டி வேமை அப்பி, புது மண்ணில் வையுங்கள். சும்மா நிற்கும் தொட்டியில் தூவ வேண்டாம். எலும்புத்தூளைக் கையளவு போடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், எலும்புத்தூளில் மணிச்சத்து நிறைய இருக்கிறது.

நீங்களே பெருக்கலாம்

ஏக்கர் கணக்கில் தேவைப்படுகிறவர்கள் பாக்கெட்டாக வாங்கிக் கட்டாது. பாலுக்கு உறைமோர் மாதிரி, ஒரு கிலோ தாய் வித்து இருந்தால் அறுபது நாளில் ஐம்பது கிலோவுக்கு மேல் எடுக்கலாம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுக்கும் முறைதான் இது, நான் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி. உள்ளே கறுப்புப் பாலித்தீன் விரிப்பு, வெளி மண்ணும் வெளி வேரும் கலக்காமலிருக்க. அதில் 50 கிலோ வெர்மிகுலைட்டும் 5 கிலோ சுத்தம் செய்த மண்ணும் கலந்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்ப வேண்டும். மண்ணைச் சுத்தம் செய்ய நான் செய்வது, மண்ணை நனைத்துக் கண்ணாடி மாதிரி பாலித்தீனால் மூடிக் கோடை வெயிலில் ஆறு வாரம் போட்டுவைப்பதுதான். அவசரம் என்றால் ஆவியில் வேகவைப்பார்கள். இந்த இடத்தில் சோம்பல் கூடாது. நூற்புழு உள்ள மண்ணைப் போட்டால் வேமோடு சேர்த்து நூற்புழுவையும் பெருக்கித் தோட்டம் முழுக்க விநியோகம் செய்ததாக ஆகிவிடும்.

மேற்பரப்பிலிருந்து இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் தாய் வித்து ஒரு கிலோவைப் பரப்புங்கள். மேலே மக்காச்சோள விதை. மருந்து பூசாத விதை வேண்டும். பூச்சுள்ள விதைதான் கிடைத்தால் நன்றாகக் கழுவிவிட்டுப் போடுங்கள். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இரண்டு நிமிடம் முக்கி எடுத்துக் கழுவிவிட்டு விதைத்தால் விதையோடு ஒட்டிவரும் வேறு கிருமிகள் போகும். உரம் மிகக் கொஞ்சம்: விதைக்கும்போது யூரியா 2 கிராம், சூப்பர் பாஸ்பேட் 2 கிராம், பொட்டாஷ் 1 கிராம். குழிக்கே அவ்வளவுதான், செடிக்கு இல்லை. பிறகு 30-ஆம் நாளும் 45-ஆம் நாளும் யூரியா மட்டும் பத்துப் பத்து கிராம். மக்காச்சோளம் மெலிந்து வெளிறி நிற்கும். எங்கள் மாமியார் அதைப் பார்த்துவிட்டு "பயிரைப் பட்டினி போடுறியே" என்று சொல்லாத நாள் இல்லை. பட்டினி போட்டால்தான் வேருக்குள் பூஞ்சை ஏறும் அத்தை, நமக்கு இதில் கதிர் வேண்டாம்.

30-ஆம் நாள் ஓரத்தில் ஒரு செடியைப் பிடுங்கி வேரை வாளித் தண்ணீரில் அலசுங்கள். மண் போனதும் நிழலில் வைத்து வேரின் நிறத்தைப் பாருங்கள். வேம் ஏறாத மக்காச்சோளச் சல்லிவேர் வெள்ளையாக இருக்கும். ஏறியிருந்தால் அங்கங்கே லேசான மஞ்சள் தெரியும், சாயம் பிடித்த மாதிரி, முழு வேரிலும் இல்லாமல் திட்டுத் திட்டாக. வெளிச்சத்தில் வைத்திருந்தால் அந்த மஞ்சள் மங்கிவிடும், அதனால் பிடுங்கிய கையோடு பார்க்க வேண்டும். வெங்காய வேரிலும் இந்த மஞ்சள் வரும். செண்டுமல்லியில் இப்படிக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

50-ஆம் நாளுக்கு மேல் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். செடி காயத் தொடங்கும்போது பூஞ்சை வித்துக்களை உண்டாக்கும். 60-ஆம் நாள் தட்டையை அடியோடு அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, வேரை எல்லாம் கிளறி எடுத்து ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி அதே வெர்மிகுலைட்டில் கலந்துவிடுங்கள். வேர்த்துண்டும் விதைதான், வீணாக்கக் கூடாது. நிழலில் பரப்பிப் புட்டுமாவுப் பதத்துக்கு ஈரம் குறைந்ததும் சாக்கில் கட்டி, வெயில் படாத அறையில், பூச்சிமருந்துக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். அடுத்த நாற்றுப் பட்டத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஒரு குழிச் சரக்கு 550 சதுர மீட்டர் நாற்றங்காலுக்கு வரும். அடுத்த முறைக்கு ஒரு கிலோவை எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் தாய் வித்தையே இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை புதிதாக வாங்கிவிடுங்கள். வீட்டில் திரும்பத் திரும்பப் பெருக்கினால் வேறு கிருமிகளும் கூடவே பெருகும்.

ஏறியிருக்கிறதா என்று பார்க்க

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் மைக்ராஸ்கோப்தான். வேளாண்மைக் கல்லூரியில் கொடுத்தால் டிரைபான் நீலம் என்ற சாயம் போட்டுப் பார்த்துச் சொல்வார்கள். என் மகள் கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கிறாள், அவள் செய்து காட்டியது வேறு. பேனா மையும் வினிகரும். 1998-ல் வெளியான முறை, பள்ளிக்கூட ஆய்வகத்தில்கூடச் செய்யலாம். மெல்லிய இளவேரை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேர் கண்ணாடி மாதிரி ஆகும்வரை சூடுபடுத்த வேண்டும். இந்தக் கரைசல் கையைச் சுட்டுவிடும், கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள், அடுப்படியில் செய்யாதீர்கள். பல தடவை தண்ணீரில் அலசிவிட்டு, வெள்ளை வினிகரில் 5 சதவீதம் ஃபவுண்டன் பேனா மை கலந்து, அதில் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பிறகு சில துளி வினிகர் விட்ட தண்ணீரில் அலசினால் வேரில் ஒட்டிய மை போய்விடும், பூஞ்சையில் ஏறியது நிற்கும்.

நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் வெளிறிய வேருக்குள் நீள வாக்கில் நீலக் கோடுகள் ஓடும். கோட்டின் நடுவிலும் நுனியிலும் முட்டை வடிவத்தில் கறுநீலப் பைகள். பூஞ்சை கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இடம் அவை. இன்னும் உற்றுப் பார்த்தால் சில செல்களுக்குள் மட்டும் புகைமூட்டமாக மை படிந்திருக்கும். அங்கேதான் மணிச்சத்து செடிக்குக் கைமாறுகிறது. அந்தக் கிளைக்கூட்டம் சில நாள்தான் உயிரோடு இருக்கும், கரைந்துபோய் அடுத்த செல்லில் புதிதாக வரும். பத்துத் துண்டு வேரில் ஐந்தாறில் இதெல்லாம் தெரிந்தால் நாற்று நன்றாக ஏறியிருக்கிறது.

மைக்ராஸ்கோப் இல்லாதவர்கள் ஒரே ஒரு வேலை செய்தால் போதும். எப்போதும் ஒரு தட்டை வேம் இல்லாமல் விடுங்கள். அதே விதை, அதே நார்க்கழிவு, அதே தண்ணீர். அந்த நாற்றைத் தனி வரிசையாக நட்டு, கொடி கட்டி அடையாளம் வையுங்கள். பூ எடை போடும்போது இரண்டு வரிசையையும் தனித்தனியாகப் போடுங்கள். போடாத தட்டு இல்லாவிட்டால் நல்ல மழைக்கு வந்த பூவுக்கெல்லாம் வேமுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்போம்.

பூ முடிந்ததும் வயலை உழுது மொட்டையாகப் போடாதீர்கள். வேர் இல்லாத மண்ணில் இந்தப் பூஞ்சை நாளாக நாளாகக் குறையும். கொள்ளோ தட்டைப்பயறோ சோளமோ, கிடைக்கிற மழைக்கு எதையாவது தூவிவிடுங்கள், உழவையும் இரண்டோடு நிறுத்துங்கள், நூலெல்லாம் அறுபடும். கோழிக்கொண்டையும் முட்டைக்கோஸும் போட்ட நிலத்தில் அடுத்து சம்பங்கி வைக்கப் போகிறீர்கள் என்றால், நடுவில் ஒரு சோளம் எடுத்துவிட்டு வையுங்கள், கிழங்குக்குக் கீழே வேமும் தவறாமல் போடுங்கள்.